ஓனர் விழுந்து கிடந்தால் நாய் என்ன செய்யும்? ஒண்டாரியோ சோதனையும் அதன் பிறகு தெரிந்ததும்

திறந்த புல்வெளியில் ஒருவர் தன் நாயோடு நடந்து வருகிறார். முன்பே குறித்து வைத்த இடம் வந்ததும் அவருக்கு மூச்சு வாங்குகிறது. இருமுகிறார், நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறார், அப்படியே சரிந்து விழுகிறார். அதற்குப் பிறகு அசைவில்லை. சற்றுத் தள்ளி வேறொருவர் செய்தித்தாள் படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மறைவாக வைத்த கேமரா ஆறு நிமிடம் ஓடுகிறது. நாய் அந்த ஆளிடம் போய் எதையாவது செய்து அவரை எழுப்பிக் கூட்டிவருமா என்பதுதான் கேள்வி.

கனடாவில் ஒண்டாரியோ மாகாணத்திலும் ஒரு லண்டன் இருக்கிறது. அந்த ஊரின் வெஸ்டர்ன் ஒண்டாரியோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டா மெக்ஃபெர்சனும் வில்லியம் ராபர்ட்ஸும் 12 நாய்களை வைத்து இந்தச் சோதனையைச் செய்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். உதவி தேடிப் போன நாய் ஒன்றுகூட இல்லை. விழுந்தவரை முகர்ந்து பார்த்தன, மூக்கால் தள்ளின, காலால் சுரண்டின, கொஞ்ச நேரம் பக்கத்தில் இருந்தன. பிறகு புல்லை மோப்பம் பிடித்துக்கொண்டு சுற்றத் தொடங்கின. ஒரேயொரு டாய் பூடில் மட்டும் செய்தித்தாள்காரரிடம் ஓடி அவர் மடியில் ஏறியது. தடவிக் கொடுக்க ஓர் ஆள் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

விழுந்தவர் சத்தம் போடாததால்தான் இப்படி ஆனதோ என்ற சந்தேகம் இயல்பாக வரும். அதற்காகவே இரண்டாவது சோதனை. இம்முறை 15 நாய்கள், இடம் ஓர் அறை. புத்தக அலமாரி ஒன்று ஓனர் மேல் சாய்ந்து அவரைத் தரையோடு அமுக்குகிறது. உண்மையில் அடிபடாதபடி ஏற்பாடு செய்த அலமாரி அது. ஓனர் வலியில் கத்துகிறார், உதவி கேட்கச் சொல்லி நாயை ஏவுகிறார். வேறு இடத்தில் ஓர் ஆள் இருக்கிறார். அவரை நாய் ஏற்கெனவே பார்த்திருக்கிறது. பதினைந்தில் ஒன்றும் அவரிடம் போய் உதவி கேட்கவில்லை. அவசரம் என்பதையும் உதவி தேவை என்பதையும் நாய்கள் புரிந்துகொள்ளவில்லை என்று எழுதி ஆய்வாளர்கள் முடித்தார்கள்.

சினிமாவில் வரும் நாய்க்கும் நம் வீட்டு நாய்க்கும் உள்ள தூரத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டிய சோதனை வேறில்லை. ஆனால் இதை வைத்து "நாய்க்குப் பாசம் இல்லை" என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அது தவறான வாசிப்பு. அதையொட்டிய ஆண்டுகளில் வந்த ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால் வேறு படம் கிடைக்கிறது: தனக்கு அடையாளம் தெரிகிற ஆபத்துக்கு, தனக்குச் செய்யத் தெரிந்த ஒன்றைக்கொண்டு நாய் பதில் சொல்லும். இரண்டில் எது இல்லாவிட்டாலும் அது உங்கள் பக்கத்தில் நின்று தவிக்கும், அல்லது புல்லை முகரப் போய்விடும்.

புல்வெளியில் எங்கே பிசகியது

முதல் சிக்கல், விழுந்தவர் நடித்தார். மனிதக் கண்ணுக்கு நல்ல நடிப்பு போதும், நாயின் மூக்குக்குப் போதாது. நேப்பிள்ஸில் பியாஜியோ டானியெல்லோவின் குழு 2018இல் வெளியிட்ட ஆய்வில், பயந்திருந்த மனிதர்களின் அக்குள் வியர்வையும் மகிழ்ச்சியாக இருந்தவர்களின் வியர்வையும் தனித்தனியாக எடுத்து 40 லாப்ரடார், கோல்டன் ரிட்ரீவர் நாய்களுக்கு முகரக் கொடுத்தார்கள். பயத்தின் வாடை வந்தபோது நாய்களின் இதயத்துடிப்பு கூடியது, ஓனரைத் தேடி ஒண்டின. பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தின் 2022 ஆய்வு இன்னும் துல்லியமானது. 36 பேருக்குக் கடினமான மனக்கணக்கு கொடுத்து, அதற்கு முன்பும் பின்பும் மூச்சு, வியர்வை மாதிரிகளை எடுத்தார்கள். பழக்கிய நான்கு நாய்கள் 720 முயற்சிகளில் 675 முறை, அதாவது 93.75 சதவீதம், பதற்றத்தின் மாதிரியைச் சரியாகக் காட்டின. புல்வெளியில் படுத்திருந்தவரிடம் அந்த வாடை இருந்திருக்க வாய்ப்பில்லை. நாய்க்கு அது மூச்சுவிட்டுக்கொண்டு அமைதியாகப் படுத்திருக்கும் ஓனர்.

இரண்டாவது சிக்கல் செய்தித்தாள்காரர். புதிய ஒன்றைப் பார்த்தால் பக்கத்தில் உள்ள மனிதரின் முகத்தைத் திரும்பிப் பார்த்து, "இது பயப்படவேண்டிய விஷயமா?" என்று அளப்பது நாயின் வழக்கம். மிலான் பல்கலைக்கழகத்தில் ரிப்பன் கட்டிய மின்விசிறி ஒன்றை வைத்து இதைச் சோதித்தார்கள். பெரும்பாலான நாய்கள் விசிறியையும் ஓனரையும் மாறி மாறிப் பார்த்தன. ஓனர் பயந்ததுபோல் பேசினால் விலகின. புல்வெளியில் கண்திறந்திருக்கும் ஒரே மனிதர் நிதானமாகத் தாள் படிக்கிறார். ஒன்றும் ஆகவில்லை என்று நாய் முடிவு செய்தால் அதைக் குறை சொல்ல முடியாது என்பது எங்கள் கணிப்பு.

மூன்றாவதுதான் முக்கியமானது. "வேறொருவரிடம் போய்ச் சொல்" என்பது நாய்க்கு மூன்று வேலைகள் சேர்ந்தது. ஓனரைவிட்டு விலகவேண்டும், தெரியாத ஆளின் கவனத்தைத் திருப்பவேண்டும், திரும்பிக் கூட்டிவரவேண்டும். கலங்கியிருக்கும் நாயின் இயல்பு ஓனரோடு ஒட்டிக்கொள்வது. முதல் வேலையே அதற்கு நேர்எதிர்.

பெட்டிக்குள் ஓனர்

கேள்வியைச் சரியாகக் கேட்டவர்கள் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா வான் பர்க், ஜோர்டன் பேட்டர்சன், கிளைவ் வின் மூவரும். 2020இல் வெளிவந்த இந்த ஆய்வில் 60 வீட்டு நாய்கள். காப்பாற்றும் பயிற்சி எதற்கும் கிடையாது. ஓனர் ஒரு பெரிய பெட்டிக்குள் இருக்கிறார். கதவு லேசானது, நாய் மூக்காலோ காலாலோ நகர்த்திவிடலாம். உள்ளிருந்து ஓனர் பதறிய குரலில் உதவி கேட்கிறார். எப்படிக் கூப்பிட்டால் உண்மைபோல் இருக்கும் என்று அவருக்கு முதலில் பழக்கிவிட்டார்கள். ஒரு நிபந்தனை: நாயின் பெயரைச் சொல்லக்கூடாது. பெயர் சொன்னால் கட்டளைக்குக் கீழ்ப்படிந்து வருகிறதா, உதவ வருகிறதா என்று பிரித்தறிய முடியாது.

60இல் 20 நாய்கள் கதவைத் திறந்து ஓனரை விடுவித்தன. மூன்றில் ஒரு பங்குதானா என்று தோன்றும். ஆனால் அதே நாய்கள் பார்க்கும்படியே பெட்டிக்குள் தின்பண்டத்தைப் போட்டும் சோதித்தார்கள். அதைத் திறந்து எடுத்தவை 19. கண்ணெதிரே உள்ள தீனிக்காகக்கூட 41 நாய்கள் கதவைத் திறக்கவில்லை! திறக்கும் சூட்சுமம் அவற்றுக்குப் பிடிபடவில்லை. தீனிப் பெட்டியைத் திறக்கத் தெரிந்த 19இல் 16 நாய்கள் ஓனரையும் விடுவித்தன. அதாவது வழி தெரிந்தவற்றில் 84 சதவீதம்.

இந்த ஓர் எண் 2006இன் முடிவைத் தலைகீழாக்கவில்லை, ஆனால் அதன் பொருளை மாற்றுகிறது. பல நாய்களுக்குக் குறை, செய்யத் தெரியாததில் இருக்கிறது. மூன்றாவதாக, ஓனர் அதே பெட்டிக்குள் உட்கார்ந்து அமைதியாகப் பத்திரிகை வாசித்தார். அப்போதும் 16 நாய்கள் திறந்தன. ஓனரோடு சேர்ந்து இருக்கும் ஆசையும் இதில் பெரும்பங்கு என்பதை இது சொல்கிறது. ஆனால் கவலை பொய்யில்லை: உதவிக்குரல் வந்தபோது எட்டு நாய்கள் முனகின, வாசித்தபோது முனகியது ஒன்றே ஒன்று. சோதனை திரும்பத் திரும்ப நடந்தும் உதவிக்குரலுக்கு மட்டும் அந்தத் தவிப்பு தணியவில்லை.

இரண்டு ஆண்டு முன்பு, 2018இல், அமெரிக்காவில் எமிலி சான்ஃபோர்டும் ஜூலியா மையர்ஸ்-மேனரும் மற்றொருவரும் 34 நாய்களை வைத்துச் செய்த ஆய்வு இதனோடு சேர்த்துப் படிக்கவேண்டியது. காந்தத்தால் மூடிய கண்ணாடிபோன்ற கதவுக்கு அப்பால் சில நாய்களுக்கு ஓனர் அழுதார், மற்றவற்றுக்குக் குழந்தைப்பாட்டு முணுமுணுத்தார். இரண்டிலும் ஏறக்குறையப் பாதி நாய்கள் திறந்தன. வேகம்தான் வேறு. அழுகைக்குச் சராசரி 23 வினாடி, பாட்டுக்கு 95 வினாடிக்கும் மேல். அழுகை கேட்டும் திறக்காத நாய்களில் பதற்றத்தின் அறிகுறிகள் அதிகம். அவை கல்நெஞ்சம் கொண்டு நின்றவை இல்லை, பயத்தில் உறைந்து நின்றவை. மிதமாகக் கலங்கிய நாய்தான் செயல்பட்டது. பிகில் ஊதினால் கட்டிலடியில் ஒளியும் நாயைக் காவலுக்கு நம்பக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை.

எதிரே ஆள் வந்தால்

உதவி தேடுவது ஒன்று, எதிர்த்து நிற்பது வேறு. இரண்டாவதில் நாய்க்கு இயல்பான அனுகூலம் உண்டு. மிரட்டலை அது உடனே அடையாளம் காணும்.

புடாபெஸ்ட் இயோட்வோஷ் லோராண்ட் பல்கலைக்கழகத்தில் யூதித் வாஷும் சகாக்களும் 2005இல் இதைச் சோதித்தார்கள். பெல்ஜியன் ஷெப்பர்டு, ரிட்ரீவர், பனியில் வண்டி இழுக்கும் ஸ்லெட்ஜ் நாய் என்று மூன்று வகை. நாய் கட்டியிருக்கும், ஓனர் பின்னால் பேசாமல் நிற்பார். தெரியாத ஒருவர் முதலில் சாதாரணமாக நடந்து பேசிக்கொண்டே வருவார். மறுமுறை உடலைச் சற்று முன்னே குனிந்து, நாயின் கண்ணை விடாமல் பார்த்து, விட்டுவிட்டு மெதுவாக, ஒரு சொல்லும் பேசாமல் வருவார். அதே ஆள்தான். மிரட்டல் தொனித்ததும் பெல்ஜியன் ஷெப்பர்டுகள் பளிச்சென்று மாறின. ரிட்ரீவர்களில் பல அப்போதும் பேசாமல் இருந்தன. பாதுகாப்புக்கென்று நாய் தேடும்போது இனம் ஒரு பொருட்டா என்று கேட்பவர்களுக்கு இது ஒரு பதில்: எதிர்வினையின் தொடக்கப்புள்ளி இனத்துக்கு இனம் மாறும். நம் பக்கத்திலேயே பாருங்கள், சிப்பிப்பாறையும் கன்னியும் முயலை ஓடிப் பிடிக்க வளர்ந்த வேட்டை நாய்கள். வாசலைக் காக்கக் கோம்பையிடம் எதிர்பார்ப்பதை அவற்றிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

அதே பல்கலைக்கழகத்தின் மார்தா காச்சி குழு 2013இல் வெளியிட்ட தொடர்ச்சி இன்னும் ஆழமானது. மிரட்டும் ஆள் நெருங்கும்போது நாயின் இதயத்துடிப்பை அளந்தார்கள். ஓனர் பக்கத்தில் இருந்தால் துடிப்பு ஏறுவது குறைவு, தனியாக இருந்தால் அதிகம். தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் குழந்தை மாதிரி. நீங்கள் பின்னால் நிற்கும்போது உங்கள் நாய் உறுமுகிறதே, அந்தத் தைரியத்தில் ஒரு பங்கு உங்களிடமிருந்து வாங்கியது. நீங்கள் நடுங்கினாலோ கயிற்றை விட்டு ஓடினாலோ அந்தப் பங்கு போய்விடும்.

இத்தனைக்கும் பிறகு ஏவா என்ற நாயின் நிகழ்வை வைத்துப் பார்க்கவேண்டும். 2022 மே மாதம், வட கலிபோர்னியாவின் டிரினிட்டி கவுன்ட்டி. ஆற்றங்கரைப் பாதையில் ஓர் இளம்பெண் நடந்துகொண்டிருந்தார். பெல்ஜியன் ஷெப்பர்டில் ஒரு வகையான மாலினாய் இனத்து இரண்டரை வயது நாய் ஏவா கொஞ்சம் முன்னால் போய்க்கொண்டிருந்தது. பூமா என்ற பெரிய காட்டுப்பூனை ஒன்று அவர் தோளில் அறைந்தது. அவர் நாயின் பெயரைச் சொல்லி அலறினார். ஏவா திரும்பி ஓடிவந்து பூமாவின் மேல் பாய்ந்தது. பூமா அதன் தலையைக் கவ்வியது, விடவில்லை. அந்தப் பெண் கல்லாலும் கட்டையாலும் அடித்துப் பார்த்தார், சாலைக்கு ஓடி ஒரு வண்டியை நிறுத்தி ஆள் கூட்டிவந்தார், கடைசியில் ஒரு குழாயால் அடித்த பிறகே பிடி விட்டது. ஏவாவுக்கு மண்டையோட்டில் முறிவு, இடது கண்ணில் கடும் காயம். சில வாரங்கள் உயிரோடு இருந்து ஜூனில் இறந்தது.

இந்த நிகழ்வில் எல்லாமே சேர்ந்து வந்திருக்கின்றன. அடையாளம் தெரிகிற எதிரி. உண்மையான பயம், அதன் வாடை, அதன் குரல். அழைத்தது பெயர் சொல்லி. எதிர்வினை கூடிய இனம். கட்டவிழ்ந்த நிலை. புல்வெளியில் எதிரியும் இல்லை, உண்மையான பயமும் இல்லை, அழைத்த குரலும் இல்லை. ஒரு நாய் அப்படி, ஒரு நாய் இப்படி என்று குணத்தின் மேல் பழிபோடுவதற்கு முன் இந்தப் பட்டியலை ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். ஒன்றையும் மறக்கக்கூடாது: காப்பாற்றியதற்கு நாய் கொடுத்த விலை உயிர்.

காக்கவேண்டும் என்று எதிர்பார்க்கலாமா

குரைப்பதை எதிர்பார்க்கலாம். கடிப்பதை எதிர்பார்க்கக்கூடாது. இதில் எங்களுக்கு இரண்டு கருத்து இல்லை.

குரைப்பே பெரிய வேலை. 2012இல் வட கரோலினா பல்கலைக்கழகத்தின் சார்லட் வளாகத்தைச் சேர்ந்தவர்கள், சிறையில் இருந்த 422 வீடு புகுந்து திருடியவர்களிடம் கேட்டார்கள். ஒரு வீட்டை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போக வைக்கும் காரணங்களில் நாயும் வந்தது. உள்ளே வந்தவனைக் கடித்துப் பிடிப்பதற்கு முன்பே, வராமல் செய்வது நாயால் முடிகிறது.

கடிக்கப் பழகிய நாய் யாரைக் கடிக்கும் என்பதை நீங்கள் தீர்மானிக்க முடியாது. சுவரேறிப் பந்து எடுக்க வந்த பையனும், ராத்திரி தாமதமாகப் பூட்டைத் திறக்கும் மாமாவும், மீட்டர் ரீடிங் எடுக்க வந்தவரும் அதன் கணக்கில் ஒன்றே. பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு, தன் வசமுள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ பெருங்காயமோ வராமல் தேவையான ஏற்பாடு செய்யாதவருக்கு ஆறு மாதம்வரை சிறை, அல்லது 5,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. கடிபட்டவர் திருடனாகவே இருந்தாலும் ரேபீஸ் நோய் ஆள் பார்க்காது. காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவவேண்டும், அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28ஆம் நாள் ஊசி. உங்கள் நாயின் ரேபீஸ் தடுப்பூசி அட்டை அந்த நிமிடம் கையில் இருக்கவேண்டும்.

"கட்டிப்போட்டு வளர்த்தால் நல்ல காவல்" என்ற நம்பிக்கை நம் ஊரில் வேரூன்றியது. அமெரிக்காவின் டென்வரில் நடந்து 1994இல் வெளியான ஆய்வில், கடித்த நாய்களையும் கடிக்காத நாய்களையும் இணை இணையாக ஒப்பிட்டார்கள். முற்றத்தில் சங்கிலியில் இருந்த நாய் கடிப்பதற்கான வாய்ப்பு 2.8 மடங்கு. நாள் முழுக்க ஆறடிக்குள் கிடக்கும் நாய்க்கு விலகி ஓட வழியில்லை. நெருங்கும் எதையும் எதிர்க்க மட்டும் தெரியும். சிறுத்தை நடமாடும் ஊர்களில் இது இன்னும் கொடுமை. மகாராஷ்டிராவின் அகோலே பகுதியில் வித்யா ஆத்ரேயாவும் சகாக்களும் சிறுத்தையின் எச்சத்தை ஆராய்ந்தபோது, அதன் உணவு எடையில் 39 சதவீதம் வீட்டு நாய். வால்பாறையிலோ நீலகிரியிலோ ராத்திரி திண்ணையில் நாயைக் கட்டிவைப்பது, சிறுத்தைக்கு வாசல்வரை வழிகாட்டி வைப்பது. நாய் இரவில் கதவுக்கு உள்ளே இருக்கட்டும். உள்ளிருந்து குரைத்தாலும் குரைப்பு குரைப்புதான்.

ஜெர்மனியில் தோன்றிய காவல்நாய்ப் போட்டிகளில் நாய் கைக்கவசத்தைக் கடிப்பதைப் பார்த்துவிட்டு, "என் நாய்க்கும் அட்டாக் டிரெயினிங் கொடுங்கள்" என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே கடிக்குச் சமமான எடை, விடு என்றதும் விடுவதற்கும் கீழ்ப்படிதலுக்கும் உண்டு. அதற்குப் பின்னால் ஆண்டுக்கணக்கான உழைப்பு இருக்கிறது. அதிலும் பல நாய்களுக்குக் கடி என்பது கவசத்தோடு விளையாடும் விளையாட்டு. கவசம் இல்லாத ஆள் வந்தால் என்ன செய்வதென்று அவற்றுக்குத் தெரியாது. இரண்டு மாதத்தில் கடிக்கக் கற்றுக்கொடுத்து அனுப்பும் பயிற்சி, விடக் கற்றுக்கொடுக்காத பயிற்சி.

செய்யத் தெரியாததைக் கற்றுக்கொடுப்பது

பெட்டிச் சோதனை சொன்னது, வழி தெரிந்த நாய் உதவுகிறது என்று. ஆகவே வழியைக் காட்டலாம். வீட்டில் உதவிக்கு ஆள் கூட்டிவரும் பழக்கத்தைச் சாதாரண நாய்க்கு, ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் இருமுறை என்று ஆறு முதல் எட்டு வாரத்தில் பழக்க முடியும்.

இரண்டு பேர் தேவை. அப்பா விழப்போகிறவர், அம்மா உதவுகிறவர் என்று வையுங்கள். ஒரே அறையில் மூன்று மீட்டர் இடைவெளியில் இருவரும் நிற்கட்டும். அப்பா "அம்மாகிட்ட போ" என்று கை காட்டுவார், அம்மா ஒரேமுறை கூப்பிடுவார். போனதும் அம்மா கையிலிருந்து பட்டாணி அளவு வேகவைத்த கோழித்துண்டு. ஒரு தடவைக்குப் பத்து முறை. நாலாம் நாளிலிருந்து அம்மா கூப்பிடக்கூடாது, சொல் மட்டும் போதும். பிறகு அம்மா அடுத்த அறைக்கு, பிறகு மாடிக்கு.

அடுத்தது கவனத்தைத் திருப்புவது. அம்மா போனைப் பார்த்துக்கொண்டு நாயைக் கண்டுகொள்ளாமல் உட்காரவேண்டும். குரைக்கும் சுபாவமுள்ள நாய் குரைத்தால் தீனி, அமைதியான நாய் முழங்காலில் மூக்கை வைத்து இடித்தால் தீனி. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதையே கடைசிவரை வைத்துக்கொள்ளுங்கள். அது வந்ததும் அம்மா எழுந்து "எங்கே, காட்டு" என்று பின்தொடரவேண்டும். அப்பாவிடம் போய்ச் சேர்ந்ததும் இரண்டாவது தீனி, இம்முறை பெரியது.

கடைசியாக விழுவது. இங்கேதான் பெரும்பாலானவர்கள் கோட்டைவிடுகிறார்கள். அப்பா முதலில் விழவேண்டும், இரண்டு வினாடி கழித்து "அம்மாகிட்ட போ" சொல்லவேண்டும். இடைவெளியை இரண்டிலிருந்து ஐந்து, பத்து வினாடியாகக் கூட்டினால், ஒருநாள் நாய் சொல்லுக்குக் காத்திராமல் விழுந்ததும் ஓடும். வரிசையை மாற்றி, சொல்லிவிட்டு விழுந்தால் எத்தனை மாதம் ஆனாலும் வராது. நாய் சொல்லை மட்டும் கேட்டு ஓடிவிடும், விழுவதைப் பார்க்கவே பார்க்காது.

நம் வீடுகளுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. மேற்கத்திய பயிற்சிமுறையில் "தரையில் படுத்தால் ஓடு" என்பது வேலை செய்யும். பாய் போட்டுப் படுக்கும் வீட்டில் மத்தியானத் தூக்கத்துக்கு அப்பா சாயும்போதெல்லாம் நாய் அம்மாவை அழைத்துக்கொண்டு வரும். மூன்றாவது நாள் அம்மா திட்டுவார், பயிற்சி அதோடு முடிந்தது. ஆகவே அடையாளம் படுப்பதாக இருக்கக்கூடாது. நின்ற நிலையிலிருந்து தொம்மென்ற சத்தத்தோடு, பாயில்லாத வெறுந்தரையில் விழுவதாக இருக்கவேண்டும். பழக்கும்போது முழங்காலுக்கு மெத்தை கட்டிக்கொண்டு, உள்ளங்கையால் தரையை ஓங்கி அறைந்தால் அந்தச் சத்தம் கிடைக்கும். பாயில் படுக்கும்போது நாய் எழுந்து போனால் தீனி கிடையாது, திட்டும் கிடையாது.

கெட்டுப்போகும் இடங்கள் இன்னும் சில. விழுந்தவர் சிரித்தால் நாய் மேலே ஏறி முகத்தை நக்கும், அதோடு அது விளையாட்டாகிவிடும். அப்பாவின் பையில் தீனி இருந்தால் அவரைவிட்டு நகராது. கூடத்தில் மட்டும் பழக்கினால் சமையலறையில் விழுந்ததை அது வேறொரு விஷயமாக நினைக்கும். பாத்ரூம் வாசல், மொட்டைமாடி, படிக்கட்டடி என்று ஐந்தாறு இடத்திலாவது செய்யவேண்டும். பழகிய பிறகும் வாரம் ஒருமுறை.

குரைக்கும் கட்டளை இதைவிட எளிது. "யாரு அது?" என்று கேளுங்கள். ஒரு வினாடி கழித்து வெளியில் இருக்கும் இன்னொருவர் பெல் அடிக்கட்டும். நாய் மூன்று முறை குரைத்ததும் "போதும்" என்று சொல்லி மூக்கருகே தீனியை நீட்டுங்கள். முகரும்போது நாயால் குரைக்க முடியாது. ஒரு வாரத்தில் பெல் இல்லாமலே கேள்விக்குக் குரைக்கும். இருட்டில் நடக்கும்போது பின்னால் காலடி கேட்டால் தாழ்ந்த குரலில் இந்தக் கேள்வியைக் கேட்டாலே போதும். "போதும்" பழகாமல் "யாரு" மட்டும் பழக்கிவிட்டால் பால்காரர் முதல் பக்கத்து வீட்டார்வரை எல்லோரும் உங்கள் மேல் புகார் சொல்வார்கள்.

நடைப்பயணத்தில் பெரிய விலங்கோ தெருநாய்க் கூட்டமோ எதிர்ப்பட்டால் கயிற்றை என்ன செய்வது என்பதை முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிய கயிறு, நாய் பாய்ந்தால் உங்களைத் தரையில் இழுத்துப் போடும். பிடியை உள்ளங்கைக்குள் மடித்துப் பிடித்தால் வேண்டியபோது விரலை விரித்து விட்டுவிடலாம்.

தனியாக வாழும் வயதானவர்களுக்கு ஒரு வார்த்தை. கூட்டிவர இன்னொரு மனிதர் வீட்டில் இல்லையென்றால் மேலே சொன்ன பயிற்சியில் பாதிக்குப் பயனில்லை. கழுத்தில் தொங்கும் அவசர பொத்தானோ, ஒற்றை அழுத்தில் மகளுக்கு அழைக்கும்படி வைத்த போனோ இருக்கட்டும். நாய்க்குக் கற்றுக்கொடுக்கவேண்டியது அந்தப் போனை எடுத்துவருவது. துணி உறை போட்டு, உறையில் ஒரு முடிச்சு வைத்துத் தைத்தால் பல் படாமல் கவ்வும். ராத்திரி அதை எப்போதும் ஒரே இடத்தில், நாயின் தோள் உயரத்தைவிடத் தாழ்வாக வைக்கவேண்டும்.